கதைப்பின்னலும் மனச்சான்றும்

காதல் கதை எழுதப் பழகும் இளைஞர் ஒருவர் தம் கையெழுத்துப் படியை நம்மிடம் வாசிக்கத் தந்தார். காதலர் இருவர், குறுக்கே பெண்ணின் தந்தை. அவருடைய பிடிவாதம் பக்கத்துக்குப் பக்கம் வளர்கிறது. இறுதி அத்தியாயத்தில் அவருக்கு மாரடைப்பு. முப்பதாம் நாள் பூசை முடிந்த கையோடு கோயிலில் ஓலை வாசிக்கப்படுகிறது.

நடை நன்றாகவே இருந்தது. ஆயினும் படித்து முடித்த பின் ஓர் உறுத்தல். அந்த மனிதர் இறந்த வரியைப் படித்தபோது நம்முள் ஒரு சிறு மகிழ்ச்சி எழுந்ததே, அது எங்கிருந்து வந்தது? தடையாய் நிற்பவர் தொலைந்தால் நல்லது என்று நூறு பக்கங்களாக நம்மை விரும்ப வைத்த பின்னலன்றோ அதை விளைவித்தது?

காதல் கதைக்குத் தடை வேண்டும். தடையின்றிப் பின்னல் இல்லை. ஆனால் தடை எவ்வளவு பெரிது என்பதைவிட, அது எதனால் நீங்குகிறது என்பதிலேதான் கதையின் வலிமை இருக்கிறது. ஜேன் ஆஸ்டின் 1813-இல் வெளியிட்ட 'பெருமையும் தப்பெண்ணமும்' நாவலில் பெரிய தடை காதலர் உள்ளங்களிலேயே இருக்கிறது. தம் குற்றத்தைத் தாமே கண்டுகொண்ட பின்னரே இருவரும் இணைகின்றனர். அங்கே யாரும் சாக வேண்டியதில்லை.

இன்னும் ஆழமாக இதைக் காட்டுவது இத்தாலியரான அலெசாந்திரோ மன்சோனியின் 'மண ஒப்பந்தமானோர்'. 1827-இல் வெளிவந்து, 1840-42-இல் திருத்தப் பதிப்புப் பெற்ற நாவல். மணத்துக்கு ஆயத்தமாகும் இளையோர் படிக்க வேண்டும் என்று மறைந்த திருத்தந்தை பிரான்சிசு 2015 மே 27-ஆம் நாள் பொதுச் சந்திப்பில் பரிந்துரைத்த நூலும் இதுவே. 1628-ஆம் ஆண்டு லொம்பார்தியச் சிற்றூர் ஒன்றில் ரென்சோவும் லூச்சியாவும் மணம் முடிக்கவிருக்கின்றனர். தொன் ரொத்ரிகோ என்னும் பிரபு லூச்சியாவை விரும்பி, திருமணத்தைத் தடுக்க ஆளனுப்பிப் பங்குக் குருவை மிரட்டுகிறான். குரு தொன் அபோந்தியோ அஞ்சி, சாக்குப்போக்குச் சொல்கிறார். (நம் இனத்தாரைப் பற்றிய இந்தப் படம் நம்மைச் சிரிக்கவும் வைக்கும், சுடவும் செய்யும்.)

1630-இல் மிலான் நகரில் கொள்ளைநோய். ரொத்ரிகோவும் அதில் விழுகிறான். மன்சோனியும் மாரடைப்புக் குறுக்குவழியில்தான் போனாரோ என்று முதல் வாசிப்பில் நாம் ஐயுற்றதுண்டு. வரிசையைக் கவனித்தபோதுதான் விளங்கிற்று. நோயாளர் முகாமில் லூச்சியாவைத் தேடிவரும் ரென்சோ, அவள் உயிரோடு இல்லையேல் பழிவாங்கியே தீருவேன் என்று குமுறுகிறான். கப்புச்சின் துறவி கிறிஸ்தோபரோ அவனைக் கடிந்துகொள்கிறார். அவன் மன்னிக்கிறான். அதன் பிறகே நினைவிழந்து கிடக்கும் பகைவனிடம் அவனை அழைத்துச் செல்கிறார். அவன் அங்கே செபிக்கிறான். இத்தனைக்கும் பின்னரே லூச்சியாவைக் காண்கிறான். ஆசிரியர் நினைத்திருந்தால் இந்த வரிசையை மாற்றியிருக்கலாம். காதலியைக் கண்ட மகிழ்ச்சியில் மன்னிப்பது எளிது. கிடைப்பாளா என்று தெரியாத வேளையில் மன்னிக்க வைத்தார்.

லூச்சியாவைக் கண்ட பின்னும் ஒரு தடை. கடத்தப்பட்டு அடைபட்டிருந்த இரவில் அவள் மரியன்னைக்குக் கன்னிமை நேர்ந்திருந்தாள். ஏற்கெனவே ஒருவனுக்கு வாக்களித்தவள், அவனுடைய விருப்பத்தையும் சேர்த்துக் காணிக்கையாக்க உரிமையற்றவள் என்று கூறித் துறவி அந்நேர்ச்சையிலிருந்து அவளை விடுவிக்கிறார். இருவரின் ஒப்புதலே திருமணத்தை ஆக்குகிறது, எந்த மனித அதிகாரமும் அதற்கு ஈடாகாது என்னும் திருச்சபைச் சட்டத்தின் 1057-ஆம் விதியைப் பாடமாகப் படித்த நமக்கு, அதன் உயிரைக் காட்டியது இந்தக் காட்சியே.

ரொத்ரிகோவின் சாவுக்காக மனம்விட்டு மகிழ்பவர் ஒருவர் நாவலில் உண்டு. அவர் தொன் அபோந்தியோ. அவன் இறந்தது உறுதியாகும்வரை மணம் முடித்துவைக்கத் தயங்கியவர், உறுதியானதும் கொள்ளைநோயைப் போற்றிப் பேசுகிறார். நமக்குள் எழுந்த அந்தச் சிறு மகிழ்ச்சியை மன்சோனி அவர் வாயில் வைத்துவிட்டார்.

இளைஞரிடம் படியைத் திருப்பித் தந்தபோது, "பெண்ணின் அப்பா பிழைத்துக்கொண்டால் கதை எப்படிப் போகும், தம்பி?" என்று கேட்டோம்.

"அப்படியானால் கதை முடியாதே, சாமி!" என்றார்.

எழுதிப் பார்ப்பதாகச் சொல்லி எடுத்துச் சென்றிருக்கிறார்.