வயதாகிவிட்டது என்று சொல்லாதீர்கள்

நாளைக் காலை உங்கள் வீட்டுப் பெண்ணின் கைகளைப் பாருங்கள். மனைவி, அக்கா, அம்மா, மருமகள், யாராக இருந்தாலும் சரி. குக்கர் மூடியைப் போட அவர் தடுமாறுகிறாரா? துணியைப் பிழிய முடியாமல் சொட்டச் சொட்டக் கொடியில் போடுகிறாரா? ஐந்து மணிக்கு எழுந்தவருக்கு விரல்கள் மடங்க ஆறரை மணி ஆகிறதா? இரண்டு கைகளிலும் விரல்களின் அடிக்கணுக்களும் மணிக்கட்டும் வீங்கியிருக்கின்றனவா? இதெல்லாம் வாரக்கணக்கில் நீடிக்கிறது என்றால், ‘வயதாகிவிட்டது’, ‘டெல்லிக் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை’, ‘எப்போது பார்த்தாலும் தண்ணீரில் புழங்குகிறாள்’ என்று சொல்லிக் கடந்துபோக உங்களுக்கு உரிமை இல்லை. அது முடக்கு வாதமாக இருக்கலாம். உடலைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்பு ஆற்றலே மூட்டின் உள்சவ்வைத் தாக்கும் நோய் அது. சிகிச்சை இல்லாமல் போகும் மாதங்களில் எலும்பு அரிக்கப்படுகிறது. அரித்த எலும்பை எந்த மருந்தாலும் பழையபடி ஆக்க முடியாது.

இது எங்கோ யாருக்கோ வரும் நோய் அல்ல. டெல்லியை ஒட்டி, மதுரா சாலையில் இருக்கிறது பல்லப்கர். எய்ம்ஸ் மருத்துவர் ஏ.என். மாளவியாவும் அவரது குழுவினரும் அந்தப் பகுதியின் கிராமங்களில் 44,551 பெரியவர்களை இலக்காக வைத்து வீடு வீடாகக் கணக்கெடுத்து, 1993-இல் முடிவை வெளியிட்டார்கள். பெரியவர்களில் 0.75 சதவீதம் பேருக்கு முடக்கு வாதம். அதாவது ஆயிரம் பேரில் ஏழெட்டுப் பேர். டெல்லித் தமிழர்களே, ஆர்.கே. புரத்தில் நீங்கள் குடியிருக்கும் தெருக்களையும், மயூர் விஹாரில் உங்கள் அடுக்ககத்தையும் இந்தக் கணக்கோடு நினைத்துப் பாருங்கள். ஆண்களைவிடப் பெண்களை இரண்டு மூன்று மடங்கு அதிகம் பிடிக்கும் நோய் இது. முப்பதுகளிலும் நாற்பதுகளிலும், வீட்டின் முழுப் பாரமும் தோளில் இருக்கும் வயதில் வந்து நிற்கும். அந்த வயதுப் பெண்தான் தன் வலியைக் கடைசியாகச் சொல்பவள்.

முழங்கால் வலி வேறு கதை. மலை மந்திர் கோயில் படி ஏறும்போது வலிக்கிறது, தரையில் உட்கார்ந்தால் எழ முடியவில்லை, கொஞ்சம் ஓய்வெடுத்தால் தணிகிறது, காலையில் விறைப்பு இருந்தாலும் அரைமணிக்குள் விலகிவிடுகிறது என்றால் அது பெரும்பாலும் மூட்டுத் தேய்மானம். கையில் வந்தால் விரல் நுனிக் கணுக்களில் கெட்டியான முடிச்சாகத் தெரியும். முடக்கு வாதம் அந்த நுனிக் கணுக்களைப் பொதுவாகத் தொடாது. தேய்ந்த குருத்தெலும்பை மறுபடி வளர்த்துத் தரும் மாத்திரை இன்றுவரை கிடையாது. அப்படிச் சொல்லி விற்பவரிடம் பணத்தைக் கொடுக்காதீர்கள். தொடைத் தசையை வலுவாக்கும் பயிற்சியைத் தினமும் செய்யுங்கள், எடையைக் குறையுங்கள். ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்காலில் இறங்கும் சுமை நான்கு கிலோ அளவுக்குக் குறைகிறது. அதையும் மீறி நடமாட்டமே நின்றுபோனால் அறுவைச் சிகிச்சைக்குத் தயங்க வேண்டாம். வாஜ்பாய் பிரதமராக இருந்தபோதே 2000-இல் ஒரு முழங்காலையும் 2001-இல் மற்றதையும் மாற்றிக்கொண்டார். செயற்கை மூட்டின் விலைக்கு 2017 ஆகஸ்டில் மத்திய அரசு உச்சவரம்பு வைத்தது. ஆனால் முடக்கு வாதத்தைத் தேய்மானம் என்று எண்ணித் தைலம் தடவிக்கொண்டே இரண்டு வருடத்தைக் கழித்துவிடாதீர்கள். என்னை மிகவும் பதற வைப்பது இந்தத் தவறுதான்.

பழைய ராஜேந்திர நகரிலும் கரோல்பாகிலும் அறை எடுத்துக் குடிமைப் பணித் தேர்வுக்குப் படிக்கும் தம்பிகளே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. நாற்காலி சரியில்லை, மெத்தை சரியில்லை என்று முதுகு வலிக்குக் காரணம் தேடிக்கொண்டே இருக்கிறீர்கள். நாற்காலியால் வரும் வலி படுத்தால் குறையும். படுத்தால் கூடுகிற வலி, விடியுமுன் எழுப்பிவிடுகிற வலி, எழுந்து நாலு நடை நடந்தால் இளகுகிற வலி, மூன்று மாதத்துக்கு மேலாக இருக்கிறதா? நடுவே ஒருமுறை கண் சிவந்து கூசியதா? அப்படியானால் முதுகெலும்பை இறுக்கிப் பிணைத்துவிடும் அழற்சி வாதமாக இருக்கலாம். பெரும்பாலும் நாற்பது வயதுக்குள் தொடங்கும். ஆரம்ப ஆண்டுகளில் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாமல் போகலாம். ‘எக்ஸ்ரே நார்மல்’ என்ற ஒரு சொல்லோடு திரும்பி வந்துவிடாதீர்கள், முதுகெலும்பு இடுப்பெலும்போடு சேரும் மூட்டின் எம்.ஆர்.ஐ. பற்றிக் கேளுங்கள். உங்கள் அறைத் தோழன் இரவில் எழுந்து நடப்பதைப் பார்த்தால் அவனையும் அழைத்துக்கொண்டு போங்கள்.

யூரிக் அமிலத்தைப் பற்றி வீடுகளில் இருக்கும் பயத்தில் பாதி தேவையற்றது. முழு உடல் பரிசோதனை என்று தள்ளுபடியில் ரத்தம் கொடுக்கிறோம். யூரிக் அமிலம் கொஞ்சம் கூடுதல் என்று சிவப்பு மையில் வருகிறது. உடனே சாம்பாரை நிறுத்துகிறோம், கீரையை நிறுத்துகிறோம். கவுட் என்ற நோய் ஒரே இரவில் கால் பெருவிரலில் நெருப்பாக எரியும், போர்வை பட்டாலும் துடிக்க வைக்கும். அப்படி எதுவும் வராதவருக்கு அறிக்கையில் உள்ள எண்ணுக்காக மட்டும் பொதுவாக மருந்து தேவைப்படாது. நோய் வந்தவர் நிறுத்த வேண்டியது பீரையும் ஈரலையும். பருப்பும் கீரையும் கவுட்டைக் கூட்டுவதாகப் பெரிய ஆய்வுகள் காட்டவில்லை. மருந்து தொடங்கியவர் வலி நின்றதும் அதை விட்டுவிடக் கூடாது. யூரிக் அமிலத்தை ஆறுக்குக் கீழே வைத்திருப்பதுதான் சிகிச்சை.

மழை முடிந்து வரும் மாதங்களில் டெல்லியில் கொசுக் காய்ச்சல். 2016-இல் சிக்குன்குனியா இந்த நகரத்தில் வீட்டுக்கு வீடு ஆட்களை முடக்கிப் போட்டதை மறந்திருக்க மாட்டீர்கள். காய்ச்சல் போன பின்னும் கணுக்கால், மணிக்கட்டு வலி மாதக்கணக்கில் இழுக்கும். பலருக்கும் தானாகவே சரியாகும். மூன்று மாதம் கழிந்தும் வீக்கம் இருந்தால் மூட்டு நோய் மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும். இன்னொன்றையும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள்: காய்ச்சலும் மூட்டுவலியும் சேர்ந்து வரும்போது டெங்கு இல்லை என்று உறுதியாகும்வரை பாராசிட்டமால் தவிர வேறு வலி மாத்திரை வேண்டாம். டெங்குவில் அந்த மாத்திரை ரத்தக் கசிவைக் கூட்டிவிடும். குழந்தைக்குத் தொண்டை வலி வந்துபோய், சில வாரத்தில் மூட்டுக்கு மூட்டு தாவும் வலி வந்தால், அது இதய வால்வைக் கெடுக்கும் காய்ச்சலாக இருக்கலாம். ஒரே ஒரு மூட்டு திடீரென வீங்கிச் சுட்டு, காய்ச்சலும் அடித்தால் உள்ளே சீழ் பிடித்திருக்கலாம். விடியும்வரை காத்திருக்காதீர்கள், அந்த இரவே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

இப்போது பொட்டலங்களுக்கு வருகிறேன். பெயரில்லாத பொடி, லேபிள் இல்லாத டப்பா, ‘இரண்டே நாளில் ஓடலாம்’ என்ற வாக்குறுதி. டெல்லியில் தெருவோரத்தில் கிடைக்கிறது, ஊரிலிருந்து கூரியரில் வருகிறது. நம்மவர்கள் ஒருவருக்கொருவர் முகவரி சொல்லி வாங்குகிறார்கள். இப்படிப்பட்ட பொடிகளைச் சோதித்தபோது ஸ்டீராய்டு கலந்திருப்பது மறுபடி மறுபடி தெரிந்திருக்கிறது. 1948-இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் பிலிப் ஹென்ச், முடக்கு வாதத்தால் எழ முடியாமல் கிடந்த ஒரு பெண்ணுக்குக் கார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டு ஊசி போட்டார். சில நாளில் அவர் எழுந்து நடந்தார். 1950-இல் ஹென்ச்சுக்கு நோபல் பரிசும் கிடைத்தது. ஆனால் அளவு மீறி, கண்காணிப்பில்லாமல் உட்கொண்டால் அதே மருந்து முகத்தை ஊத வைக்கும், சர்க்கரையை ஏற்றும், எலும்பைப் பொடியாக்கும், தொடை எலும்பின் தலைப்பகுதியைச் சாகடிக்கும், உறங்கும் காசநோயை எழுப்பும் என்று மருத்துவ உலகம் சீக்கிரமே கண்டுகொண்டது. முறையாகப் பயன்படுத்தினால் ஸ்டீராய்டு உயிர் காக்கும். எவ்வளவு இருக்கிறது என்றே தெரியாத பொடியில் அது நஞ்சு. சித்த மருத்துவம், ஆயுர்வேதம் படித்துப் பதிவு பெற்ற மருத்துவர் தரும் மருந்துக்குப் பெயர் இருக்கும், அளவு இருக்கும், சீட்டு இருக்கும். நான் சொல்வது அவர்களை அல்ல. ஏற்கெனவே பொடி சாப்பிட்டு வருபவர்கள் பயந்துபோய் ஒரே நாளில் நிறுத்திவிடாதீர்கள், அதுவும் ஆபத்து. மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அவர் படிப்படியாகக் குறைப்பார்.

வலி மாத்திரையை மிட்டாய்போல் பகிர்ந்துகொள்வதையும் நிறுத்துங்கள். ஒரு காலத்தில் டெல்லி வானத்தில் பிணந்தின்னிக் கழுகுகள் கூட்டம் கூட்டமாக வட்டமிட்டன. மாடுகளுக்குக் கொடுத்த டைக்ளோஃபெனாக், செத்த மாட்டின் இறைச்சி வழியே அவற்றின் சிறுநீரகங்களைச் செயலிழக்கச் செய்தது. இனமே அழியும் நிலைக்குப் போன பிறகுதான் 2006-இல் கால்நடைகளுக்கு அந்த மருந்து தடை செய்யப்பட்டது. மனித உடல் அதைக் கழுகின் உடலைவிட நன்றாகத் தாங்கும். ஆனால் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உள்ள அறுபது வயதுக்காரர் அதையே வருடக்கணக்கில் தினமும் விழுங்கினால் அவர் சிறுநீரகத்துக்கும் கேடுதான். பக்கத்து வீட்டு மாமிக்குக் கேட்ட மாத்திரை உங்களுக்கும் கேட்கும் என்று யார் சொன்னது? அவருக்குத் தேய்மானம், உங்களுக்கு முடக்கு வாதம். வலி மாத்திரை முடக்கு வாதத்தின் வலியை மறைக்கும், எலும்பு அரிப்பைத் தடுக்காது.

அரிப்பைத் தடுக்கும் மருந்துகள் இருக்கின்றன. அவற்றில் முதன்மையானது மெத்தோட்ரெக்ஸேட். திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும் சென்னை மருத்துவக் கல்லூரியிலும் படித்த எல்லாப்ரகட சுப்பாராவ் தலைமை தாங்கிய அமெரிக்க லெடர்லே ஆய்வகத்திலிருந்து வந்த மருந்து அது. விலையும் எட்டாததல்ல. ஆனால் இணையத்தில் தேடி, ‘புற்றுநோய் மருந்து’ என்று படித்துவிட்டுப் பாதியில் நிறுத்துகிறார்கள். மூட்டுக்குத் தருவது வாரத்துக்கு ஏழரை முதல் இருபத்தைந்து மில்லிகிராம் வரைதான், புற்றுநோய்க்குத் தருவது அதைப்போல் பல மடங்கு. பயப்பட வேண்டியது வேறொன்றுக்கு. இது வாரம் ஒரு நாள் மட்டும் சாப்பிட வேண்டிய மருந்து. தினமும் சாப்பிட்டு உயிர் இழந்தவர்கள் உண்டு. எந்தக் கிழமை என்று அட்டையில் கொட்டை எழுத்தில் எழுதி வையுங்கள். வாயில் புண் வந்தால் அடுத்த வேளையைப் போடாமல் மருத்துவரைக் கூப்பிடுங்கள். ரத்தப் பரிசோதனையைத் தவற விடாதீர்கள். மது வேண்டாம். கருத்தரிக்க நினைக்கும் பெண் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லி மருந்தை மாற்றிக்கொள்ள வேண்டும். அவருக்கு ஏற்ற மருந்துகளும் இருக்கின்றன.

அப்படி ஒரு மருந்துதான் ஹைட்ராக்சிகுளோரோகுயின். 2020 மார்ச்சில் கொரோனாவுக்குப் பயந்து, நலமாக இருந்தவர்கள் அதை அட்டை அட்டையாக வாங்கி அலமாரியில் பதுக்கினார்கள். அந்த மாத்திரையை நம்பி வாழும், லூபஸ் என்ற இன்னொரு தன்னெதிர்ப்பு நோய் உள்ளவர்களும் முடக்கு வாத நோயாளிகளும் கடை கடையாக அலைந்தார்கள். இன்னொருவரின் மருந்தை அவசியமில்லாமல் எடுத்துக்கொள்வது பாவம். இனி ஒருமுறை அப்படி நடக்க நாம் இடம் தரக் கூடாது.

‘ஆர்.ஏ. ஃபேக்டர்’ என்ற ஒற்றைப் பரிசோதனையை வைத்து நீங்களே தீர்ப்பு எழுதாதீர்கள். நலமானவர்களில் சிலருக்கும் அது பாசிட்டிவாக வரும். முடக்கு வாதக்காரர்களில் ஐந்தில் ஒருவருக்காவது நெகட்டிவாக வரும். கையைத் தொட்டு, அழுத்தி, மடக்கிப் பார்க்கும் மருத்துவர்தான் சொல்ல வேண்டும். அதற்கென்றே ருமட்டாலஜி நிபுணர்கள் இருக்கிறார்கள். எய்ம்ஸில் அதற்குத் தனித் துறையே இருக்கிறது. மத்திய அரசு ஊழியர்களும் ஓய்வூதியர்களும் சி.ஜி.ஹெச்.எஸ். மருந்தகத்தில் பரிந்துரை கேட்டு வாங்குங்கள்.

கடைசியாக, அம்மாவை ஊரிலிருந்து அழைத்து வந்து உடன் வைத்திருக்கும் மகன்களுக்கும் மகள்களுக்கும். அவருக்கு இந்தி தெரியாது. மருத்துவரின் கேள்விக்கெல்லாம் நீங்களே முந்திக்கொண்டு ‘முழங்கால் வலி, வயசாச்சு’ என்று சொல்லிவிடுகிறீர்கள். விரல் மடங்கவில்லை என்பதை அவர் உங்களிடம்கூட முழுதாகச் சொல்லியிருக்க மாட்டார். போகுமுன் ஒரு மணி நேரம் அவரோடு உட்காருங்கள். எந்த மூட்டு, எப்போது தொடங்கியது, காலையில் எவ்வளவு நேரம் விறைப்பு, ஓய்வில் கூடுகிறதா குறைகிறதா, இதுவரை விழுங்கிய மாத்திரை என்ன, பொடி என்ன என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஒரு நாள் விடுப்பு எடுங்கள். மருத்துவர் முன்னால் அவர் தமிழில் சொல்லி முடிக்கும்வரை பொறுத்திருந்து, சொன்னதைச் சொன்னபடியே எடுத்துச் சொல்லுங்கள். அடுத்த மாதம் என்று தள்ளாதீர்கள். இந்த வாரமே போங்கள்.