உள்ளே ஆளில்லாத கதவு

பொம்மை வீட்டுக்குக் கதவு வைக்கிறவர்களில் இரண்டு ஜாதி உண்டு. சுவரிலேயே கதவை வரைந்து வர்ணம் பூசிவிட்டுப் போகிறவர்கள் ஒரு ஜாதி. கீல் அடித்து, தாழ்ப்பாள் வைத்து, விரல் நுனியால் தள்ளினால் திறக்கும்படி செய்கிறவர்கள் இன்னொரு ஜாதி. முன்னவர்கள் புத்திசாலிகள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. பின்னவர்கள் செய்வது வீண் வேலையா, அதில் ஏதாவது நியாயம் உண்டா என்பதுதான் சில மாதங்களாக என்னை அரித்துக்கொண்டிருக்கிற கேள்வி.

கேள்வியைக் கிளப்பிவிட்டவர் குன்னூரில் இருக்கும் ஒரு பெரியவர். தேயிலைத் தொழிற்சாலையில் முப்பது வருஷத்துக்கு மேல் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். திருநெல்வேலிச் சீமையிலிருந்து மலையேறிய குடும்பம். ஆகவே எனக்கு அவர் அண்ணாச்சி. இலையை நறுக்கி நசுக்கும் உருளைகளுக்குப் பல் தீட்டித் தீட்டிப் பழகிய கை, சும்மா இரு என்றால் கேட்பதில்லை. ரேடியோவால் இயங்கும் மாதிரி விமானங்கள் செய்கிறார். இப்போது கூடத்தில் கிடப்பது ஸ்பிட்ஃபயர், அசலில் நாலில் ஒரு பங்கு. அசலுக்கு இறக்கை முனைக்கு முனை 36 அடி 10 அங்குலம். இதற்கு ஒன்பது அடி சொச்சம். அது வந்ததிலிருந்து வீட்டுப் பெண்கள் கூடத்தைப் பக்கவாட்டில்தான் கடக்கிறார்கள்.

ஸ்பிட்ஃபயருக்கும் நீலகிரிக்கும் என்ன உறவு என்று நீங்கள் கேட்கலாம். தூரத்து உறவு ஒன்று உண்டு. 1940-ல் இங்கிலாந்தின் வானத்தில் நடந்த போரில் இந்த விமானங்களை ஓட்டிய படைப்பிரிவுகளில் 234-ஆம் எண்ணுள்ளது 'சென்னை ராஜதானி' என்ற பெயரைத் தாங்கியது. இங்கிருந்து போன யுத்த நன்கொடைக்குக் கிடைத்த மரியாதை அது. நீலகிரி அன்று அந்த ராஜதானியில் ஒரு ஜில்லா. கொடுத்தவர்கள் மனமுவந்து கொடுத்தார்களா, கலெக்டர் முகத்துக்காகக் கொடுத்தார்களா என்பது வேறு கதை.

விமானம் கிட்டத்தட்ட முடிந்துவிட்டது. முடியாமல் கிடப்பது ஒன்றுதான்: விமானியின் தலைக்குமேல் கவிந்திருக்கும் கண்ணாடி மூடி. கேனபி என்பார்கள். கடையில் வாங்கும் மாதிரிகளில் அதை ஒரே துண்டாக வார்த்து ஒட்டிவிடுவார்கள். அண்ணாச்சிக்கு அது சம்மதமில்லை. அசலில் அது தண்டவாளத்தில் பின்னோக்கி நகரும். ஆகவே இதிலும் நகர வேண்டும்.

"உள்ளே உட்கார்ந்திருக்கிறது பிளாஸ்டிக் பொம்மை. அது எங்கே எழுந்து வரப்போகிறது, அண்ணாச்சி?" என்றேன்.

"ஆள் வாரதும் வராததும் ஆளோட விஷயம் தம்பி. கதவுன்னு ஒண்ணு வச்சா அது தொறக்கணும்லா?" என்றார்.

சொல்வது சுலபம். செய்கிற கஷ்டத்தை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தகட்டைச் சூடாக்கி மர அச்சின்மேல் உறிஞ்சவைத்தால் மூடியின் உருவம் வந்துவிடுகிறது. அதற்குப் பித்தளையில் மெல்லிய சட்டம். இரண்டு பக்கமும் பித்தளைக் காடி. சட்டத்தின் அடியில் பற்ற வைத்த ஊசிகள் அந்தக் காடிக்குள் ஓட வேண்டும். இங்கேதான் வம்பு. பழைய மர அலமாரியின் இழுப்பறையை ஒரு பக்கமாகப் பிடித்து இழுத்துப் பாருங்கள், கோணிக்கொண்டு நிற்கும். அகலம் அதிகம், ஓடுகிற நீளம் குறைவு என்றால் எதுவும் அப்படித்தான் முரண்டும். இரண்டு காடிகளும் ஒரு மயிரிழை விலகியிருந்தாலும் பாதி வழியில் மூடி நின்றுவிடுகிறது. அரத்தால் ராவுகிறார், தள்ளிப் பார்க்கிறார், மறுபடி ராவுகிறார்.

இன்னொரு வம்பு இன்னும் சுவாரசியமானது. விமானத்தைக் கால்வாசியாகச் சுருக்கலாம். பொருளின் கனத்தை அதே மாதிரி சுருக்க முடியாது. அசலின் மேல்தோல் ஒரு மில்லிமீட்டர் வாக்கில் கனமுள்ள அலுமினியத் தகடு. அதில் நாலில் ஒன்று என்றால் காகிதம்தான் மிஞ்சும். மாதிரி பறந்து தரையிறங்கிப் பிழைக்க வேண்டுமானால் பால்சாப் பலகையே இரண்டு மில்லிமீட்டர் வேண்டியிருக்கிறது. அசலில் மூடி பின்கண்ணாடியின் மேல் வழுக்கிக்கொண்டு போகும். இங்கே அதற்கு இடமில்லாமல் இடிக்கிறது. காற்றும் சுருங்குவதில்லை. உதகை 2,240 மீட்டர் உயரம். கடல் மட்டத்தைவிட அங்கே காற்று ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு மெலிவு. இறக்கைக்குப் பிடிமானம் குறைவதால் கூடுதல் வேகத்தில் இறங்க வேண்டும். அதற்கு நீளமான சமதரை வேண்டும். நீலகிரியில் சமதரைக்கு எங்கே போவது? பறக்கவிட அவர் கோயமுத்தூர்ப் பக்கம் இறங்கித்தான் ஆக வேண்டும்.

இவ்வளவும் எதற்காக? கோபுரத்து உச்சியில் யாரும் பார்க்காத சிலையின் முதுகையும் செதுக்கினானே சிற்பி, அந்தச் சிரத்தை என்று யாராவது சொல்லக்கூடும். அந்தப் பேச்சு எனக்கு அலுத்துவிட்டது. சிற்பிக்கு மேலே பார்க்கத் தெய்வம் இருந்தது. இங்கே விஷயம் வேறு என்று எனக்குத் தோன்றியது, அசல் ஸ்பிட்ஃபயரின் கதையைப் படித்த பிறகுதான்.

வேகமாகப் பறக்கும் விமானத்தின் மூடிக்குமேல் காற்றின் அழுத்தம் குறைகிறது. உள்ளே அவ்வளவு குறைவதில்லை. மூடி மேல்நோக்கி இழுபட்டுத் தண்டவாளத்தில் இறுகிக்கொள்கிறது. முதலில் வந்த ஸ்பிட்ஃபயர்களில் வேகம் ஏறிவிட்டால் மூடியை நகர்த்துவது பெரும்பாடு. அதற்காகப் பக்கக் கண்ணாடியில் குத்தித் தள்ளக்கூடிய ஒரு சிறு பலகை வைத்தார்கள். அதைத் தள்ளினால் காற்று உள்ளே புகுந்து அழுத்தம் சமமாகும், மூடி நகரும். அதுவும் போதாதென்று பக்கக் கதவின் உட்புறத்தில் ஒரு கடப்பாரையை மாட்டிவைத்தார்கள். இருபது இருபத்தொரு வயசுப் பிள்ளைகள் கடப்பாரையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆகாயத்தில் உட்கார்ந்திருந்தார்கள். முன்னால் இருப்பது எஞ்சினும் பெட்ரோலும். தரையிலிருந்து ஏறும்போதும் இறங்கும்போதும் மூடியைத் திறந்தே வைத்துக்கொள்வது அவர்கள் வழக்கம்; கவிழ்ந்தால் வெளியே வர வழி வேண்டுமே.

கீழேயிருந்து அண்ணாந்து பார்த்தவனுக்கு அந்த மூடி வெயிலில் மின்னிய ஒரு கண்ணாடித் துண்டு. உள்ளே இருந்தவனுக்கு அதுதான் வீட்டுக்குப் போகும் வழி. நகல் எடுக்கிறவன் இவர்களில் யாருக்குக் கடன்பட்டவன்? ஒட்டிவைத்த மூடி, பார்த்தவனுடைய ஸ்பிட்ஃபயர். நகரும் மூடி, இருந்தவனுடைய ஸ்பிட்ஃபயர். அண்ணாச்சி இரண்டாமவன் பக்கம். கதை எழுதுகிறவனாகிய நானும் அந்தப் பக்கந்தான். ஒரு பாத்திரத்தின் வீட்டைத் தெருவிலிருந்து பார்த்து வர்ணித்தால் பக்கம் நிறையும். கொல்லைக் கதவின் தாழ்ப்பாள் எந்தப் பக்கம் என்று தெரியாமல் அவளை ராத்திரி அந்த வழியாக ஓடவிட முடியாது.

இந்த இடத்தில் மூடியைப் பற்றிய இன்னொரு கதையையும் சொல்லாமல் போக மனம் வரவில்லை. 1940 ஆகஸ்டில் கார்டன் கிளீவர் என்ற விமானியின் ஹரிகேன் விமானத்து மூடியில் குண்டு பாய்ந்தது. பெர்ஸ்பெக்ஸ் என்ற பிளாஸ்டிக்கால் ஆன மூடி அது. சிதறிய துணுக்குகள் இரண்டு கண்களிலும் பாய்ந்தன. ஒரு கண் போயிற்று. லண்டனில் அவரைக் கவனித்த டாக்டர் ஹரால்டு ரிட்லி ஒன்றைக் கண்டார்: கண்ணுக்குள்ளேயே தங்கிவிட்ட துணுக்குகளைக் கண் விரோதியாக நினைக்கவில்லை, புண்ணாகவில்லை. அந்தப் பொருளிலேயே ஒரு வில்லை செய்து, 1949 நவம்பர் 29-ல் ஸெயின்ட் தாமஸ் மருத்துவமனையில் புரை எடுத்த கண்ணுக்குள் வைத்தார். வெகு காலம் சக வைத்தியர்கள் அவரைத் திட்டினார்கள். பிறகு உலகம் ஏற்றுக்கொண்டது. மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-ல் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் மருத்துவமனை, 1992-ல் ஆரோலேப் என்ற சொந்தத் தொழிற்சாலை வைத்து அந்த வில்லைகளை ஏழைக்கு எட்டும் விலையில் செய்ய ஆரம்பித்தது. கிளீவருக்கே முதுமையில் மிஞ்சிய கண்ணில் புரை விழுந்தபோது, உள்ளே வைத்தது இப்படி ஒரு வில்லையைத்தான்.

அண்ணாச்சியின் இடது கண்ணிலும் ஒன்று இருக்கிறது. மூன்று வருஷமாகிறது. காடி நேராக இருக்கிறதா என்று அவர் ஒற்றைக் கண்ணை மூடிப் பார்ப்பது அந்தக் கண்ணால். இதைச் சொன்னபோது, "அப்ப மூடிக்கு மூடி பாக்குதுன்னு சொல்லுங்க" என்று சிரித்துவிட்டு அரத்தை எடுத்துக்கொண்டார். இதனால் யுத்தம் நல்லது என்று யாராவது ஆரம்பித்தால் அவரோடு பேச எனக்கு நேரமில்லை.

எங்களுக்குள் சண்டை வந்தது வேறு இடத்தில். மூடி கையால் நகர்ந்தால் மட்டும் போதாதாம். ஒரு சிறு மோட்டாரும் திருகுக் கம்பியும் வைத்து, இறங்கும்போது ஆகாயத்திலேயே ரேடியோவால் திறக்க வேண்டுமாம். அசல் விமானிகள் அப்படித்தானே இறங்கினார்கள் என்கிறார். வாதம் சரிதான். ஆனால் ஓடுகிற காற்றில் அந்த மூடி பிய்த்துக்கொண்டு வால் சுக்கானில் போய் மோதினால் என்ன ஆகும்? பத்து கிலோவுக்கு மேல் எடையுள்ள சாமான். மைதானத்து ஓரத்தில் வேடிக்கை பார்க்க வந்த பள்ளிக்கூடத்துப் பையன்கள் நிற்பார்கள். செத்துப்போன விமானிக்குச் செலுத்தும் விசுவாசத்துக்கு உயிரோடு நிற்கிற பையன் தலையைக் கொடுக்க முடியுமா? என் கட்சி இதில் தெளிவானது. மேஜைமேல் எவ்வளவு உண்மை வேண்டுமானாலும் இருக்கட்டும்; பிறர் தலைக்குமேல் போகும்போது கீழே நிற்கிறவனுடைய பாத்தியதை முந்திக்கொள்கிறது.

"அப்ப பூட்டி அனுப்பச் சொல்லுதீங்க. அந்தப் பிள்ளைக பயந்தது அதுக்குத்தானே தம்பி" என்றார்.

எனக்குப் பதில் வரவில்லை. அவர் சொன்னதில் பொய்யில்லை. ஆனாலும் என் கட்சியை நான் விடவில்லை. இரண்டு வாரம் அதைப் பற்றிப் பேச்சே இல்லை. காப்பி வந்தது, குடித்தோம், மழையைப் பற்றிப் பேசினோம்.

போன வாரம் போனபோது மூடி நகர்ந்துகொண்டிருந்தது, கடைசி அரை அங்குலத்தில் மட்டும் சின்ன முரண்டு. மோட்டாரும் இருந்தது. ஆனால் சக்கரக் காலில் ஒரு பொத்தான் விசை வைத்திருக்கிறார். விமானத்தின் பாரம் தரையில் உட்கார்ந்து கால் அமுங்கினால்தான் மோட்டாருக்கு மின்சாரம் போகும். ஆகாயத்தில் இருக்கும்வரை மூடி பூட்டுத்தான். அதைப் பற்றி அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. உள்ளே குனிந்து பார்த்தேன். பக்கக் கதவின் உட்புறத்தில் தீக்குச்சி நீளத்துக்குப் பித்தளையில் ஒரு கடப்பாரை. தொட்டுப் பார்த்தேன், ஒட்டவில்லை, சின்னக் கவ்வியில் மாட்டியிருந்தது. எடுத்தால் வருகிறது.