இரண்டு கட்டளைகள்

பிரக்ஞை என்ற சொல்லை நம் பத்திரிகைகளில் வற்றாத கிணறு போலப் பயன்படுத்தி வந்திருக்கிறோம். அதற்கு ஓர் அளவு உண்டு, ஒரு ஸ்தாபனம் அதை மனிதனிடமிருந்து அடிமண் தெரிய இறைத்துவிட முடியும் என்பதை எனக்கு இலக்கியம் சொல்லவில்லை. ஒரு விமான விபத்தின் விசாரணை அறிக்கை சொல்லிற்று.

2002 ஜூலை 1, இரவு 11.35. ஜெர்மனியில் யூபர்லிங்கன் ஊருக்கு மேலே, மாஸ்கோவிலிருந்து பார்ஸிலோனா போய்க்கொண்டிருந்த டுபலேவ் விமானமும் ஒரு போயிங் சரக்கு விமானமும் மோதின. 71 பேர் செத்தார்கள். பாதிக்கு மேல் பள்ளிக் குழந்தைகள். ஜூரிச்சில் அந்த வானத்துக்குப் பொறுப்பாக இருந்தவர் ஒருவர் மட்டுமே. கூட இருக்க வேண்டியவர் ஓய்வெடுக்கப் போயிருந்தார்; நிர்வாகத்துக்குத் தெரிந்தே நடந்துவந்த வழக்கம். ராடாரில் பராமரிப்பு வேலை. மோதல் எச்சரிக்கையில் ஒரு பகுதி அணைந்திருந்தது அவருக்குத் தெரியாது. பிரதான டெலிபோனும் இல்லை. தாமதமாக வந்த இன்னொரு விமானத்தை இறக்குவதற்காக இரண்டு மேஜைகளுக்கிடையே அலைந்துகொண்டிருந்தார். கார்ல்ஸ்ரூவில் இருந்தவர்களுக்கு அபாயம் தெரிந்துவிட்டது. கூப்பிட்டார்கள், கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள், லைன் கிடைக்கவில்லை.

மோதலுக்கு 43 விநாடி முன்பு அவர் ரஷ்ய விமானத்தை இறங்கச் சொன்னார். ஏழு விநாடி கழித்து அதிலிருந்த மோதல் தவிர்ப்புக் கருவி ஏறச் சொல்லிற்று. சரக்கு விமானத்தின் கருவியோ இறங்கச் சொன்னது; அது இறங்கிற்று. ரஷ்ய விமானத்தின் துணை விமானி, கருவி வேறு சொல்வதைச் சுட்டிக்காட்டினார். ஆனாலும் தரையிலிருந்து வந்த மனிதக் குரலுக்கே கட்டுப்பட்டார்கள்.

அவர்களை மூடர்கள் என்பது சுலபம். எது மேலான கட்டளை என்று அவர்களுடைய விதிப்புத்தகமே தெளிவாகச் சொல்லவில்லை. 2001 ஜனவரியில் ஜப்பானில் இதே முரண் இரு விமானங்களை மயிரிழையில் தப்பவைத்திருந்தது. அதற்குப் பிறகும் சர்வதேச விதி மாறவில்லை.

2004 பிப்ரவரியில், மனைவியையும் இரு குழந்தைகளையும் பறிகொடுத்த ஒருவர் அந்தக் கட்டுப்பாட்டாளரை அவர் வீட்டு வாசலில் குத்திக் கொன்றார். 2007ல் ஸ்விஸ் நீதிமன்றம் நிறுவனத்தைச் சேர்ந்த நால்வரைக் குற்றவாளிகள் என்றது. நம்மிடையே இருத்தலியல் பேசுகிறவர் முன்னதில் ஒரு தர்க்கம் காணக்கூடும்; இடதுசாரி நண்பர் பின்னதோடு திருப்தியடைவார். எனக்கு இரண்டும் போதவில்லை. எல்லாவற்றையும் 'அமைப்பு' தலையில் கட்டிவிட்டால் அந்த மனிதர் வெறும் திருகாணி ஆகிவிடுகிறார். அவர் பார்த்தார், தாமதமாகவேனும் பேசினார், விமானம் இறங்கத் தொடங்கியதும் விஷயம் தீர்ந்தது என்று நம்பி அடுத்த மேஜைக்குத் திரும்பினார். அவரிடம் பிழை காண இடமிருந்தால் அது இந்த நம்பிக்கைதான். அதையும் நம்பாமல் எவரால் திரும்ப முடியும்? அவருக்கு இருந்தது சில விநாடிகள். இரவில் ஒருவர் போதும் என்று விட்டவர்களுக்கு யோசிக்க எத்தனையோ பகல்கள் இருந்தன. பொறுப்பை எடைபோடும்போது இந்த அவகாசத்தைத்தான் முதலில் தராசில் வைக்க வேண்டும் என்று எனக்குப் படுகிறது.

2003ல் விதி திருத்தப்பட்டது: கருவி சொல்வதையே விமானி செய்ய வேண்டும். அதை அவர் அறிவித்ததும் கட்டுப்பாட்டாளர் வேறு உத்தரவு தரக்கூடாது. சரக்கு விமானி அன்றிரவும் அறிவிக்கத்தான் செய்தார். அந்நேரம் இவர் அடுத்த மேஜையில், இறங்கக் காத்திருந்த விமானத்தின் அழைப்பில் இருந்தார்.