நம்பர் இரும்பில் இருக்கிறது

பள்ளியில் என்.சி.சி-யில் இருந்தவரா நீங்கள்? அப்படியென்றால், 'த்ரீ நாட் த்ரீ' துப்பாக்கி தோளில் அழுத்திய வலி இன்னும் ஞாபகம் இருக்கும். கனம் என்னவோ நாலு கிலோதான். அந்த வயசுக்கு அது நாற்பது கிலோ!

ஊத்தங்கரை பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் ஒரு பெரியவரைச் சந்தித்தேன். ராணுவத்தில் துப்பாக்கி ரிப்பேர் பார்த்து ரிட்டயர் ஆனவர். உடைந்த மரக்கட்டையை எடுத்துவிட்டுப் புதுசு மாட்டுவது பற்றிப் பேச்சு வந்தது.

''புதுக் கட்டை அப்படியே உட்காராது தம்பி. விளக்குக் கரியை எண்ணெயில குழைச்சு இரும்புல தடவி, மரத்துல வச்சு அழுத்தணும். எங்கே கறுப்பு ஒட்டுதோ, அங்கே மட்டும் செதுக்கணும். மறுபடி வைக்கணும், மறுபடி செதுக்கணும். அவசரப்பட்டு ஒரு நூல் அதிகமா எடுத்துட்டா, சுடும்போது உதைக்கிற உதையில கட்டை பிளந்துடும்.''

''கட்டை மாத்திட்டா அது புதுத் துப்பாக்கிதானே?'' என்றேன்.

சிரித்தார். ''நம்பர் இரும்புலல்ல இருக்கு!''

அந்த வார்த்தை என்னை விடவில்லை.

1919 ஏப்ரல் 13, ஜாலியன்வாலா பாக். சுமார் பத்து நிமிஷத்தில் 1,650 தோட்டாக்கள். சுட்டது இந்த த்ரீ நாட் த்ரீ ரகம்தான். 1947-ல் கொடி மாறியது, துப்பாக்கி மாறவில்லை. 1962-ல் சீனப் போரில் நம் ஜவான்கள் பிடித்து நின்றதும் அதே ரகம்தான். உத்தரப் பிரதேச போலீஸ் 2020 குடியரசு தினத்தில்தான் அதற்கு விடை கொடுத்தது.

துப்பாக்கியை விடுங்கள். நம் வீட்டுக்கு வருவோம்.

குடித்துவிட்டு மனைவியை அடித்த ஒருவர், குடியை விட்டுவிடுகிறார். பத்து வருஷம் கழித்து மனைவி ஏதோ பேச்சில் அந்த நாளைச் சொன்னால், ''அதான் மாறிட்டேனே, பழசை ஏன் கிளறுறே?'' என்று எரிந்து விழுகிறார். அவர் மாறியது நிஜம். பாராட்டத்தான் வேண்டும். ஆனால், மாற்றியது கட்டையைத்தான். நம்பர் அப்படியேதான் இருக்கிறது. அதை அரம் போட்டு அழிக்கப் பார்ப்பவர் மாறியவரா, மறைப்பவரா?

'அப்படியானால் திருந்தி என்ன பிரயோஜனம்?' என்று கேட்பீர்கள். பிரயோஜனம் இருக்கிறது. பழசை மறப்பதா வேண்டாமா என்பது அடி வாங்கியவரின் உரிமை. மறக்காமல் இருப்பது அடித்தவரின் கடமை. மனைவி வாய் திறக்கும் இடம்தான் கறுப்பு ஒட்டுகிற இடம். இன்னும் எங்கே செதுக்க வேண்டும் என்று அதுதானே காட்டிக் கொடுக்கிறது?

பஸ் வந்துவிட்டது. ஏறும் முன் கேட்டேன்: ''புதுக் கட்டை தனியாத் தெரியுமே... சாயம் அடிச்சுப் பழசு மாதிரி ஆக்கிடுவீங்களா?''

''எதுக்கு? ஆளிவிதை எண்ணெய் தேய்ச்சாப் போதும். தினம் கை படப் பட, நிறம் தானா வரும் தம்பி.''