அடியில் எரியும் தீயும் அயல்நாட்டுப் பண்டமும்

இட்லி ஏன் வெள்ளையாகவே இருக்கிறது, கேக் ஏன் சிவக்கிறது? இரண்டும் மாவுதான். இரண்டும் உள்ளே காற்றுக்குமிழி பிடித்து உப்புகின்றன. ஆனால் இட்லியை ஒரு மணி நேரம் கூடுதலாக அடுப்பில் வைத்தாலும் அது கல்லாகுமே தவிர பொன்னிறம் ஆகாது.

காரணம் சூட்டின் அளவு. இட்லிப் பானைக்குள் இருப்பது நீராவி. அது 100 டிகிரி செல்சியஸைத் தாண்டாது. வெயிட் போட்ட குக்கருக்குள்கூட 120 டிகிரி சுற்றித்தான். மாவிலுள்ள சர்க்கரையும் புரதமும் சேர்ந்து நிறமும் மணமும் தருவதற்கு, மேற்பரப்பு காய்ந்து ஏறத்தாழ 140 டிகிரியை எட்ட வேண்டும். தோசைக்கல் அந்தச் சூட்டை எளிதாகத் தாண்டுகிறது. அதனால்தான் தோசை கல்லில் பட்ட பக்கம் சிவந்தும் மேல்பக்கம் வெளுத்தும் இருக்கிறது. வடைச்சட்டி எண்ணெய் எல்லாப் பக்கமும் சுடுவதால் வடை முழுக்கச் சிவக்கிறது. ஓவன் செய்வதும் ஏறக்குறைய அதுதான், எண்ணெய் இல்லாமல்: காய்ந்த சூட்டை மேலும் கீழும் பக்கவாட்டிலும் ஒன்றுபோலத் தருகிறது.

தென்காசி மாவட்டத்தில் சிவகிரிக்கும் வாசுதேவநல்லூருக்கும் பக்கத்தில், மேற்குமலை அடிவாரத்தில் இருக்கும் ராயகிரி போன்ற ஓர் ஊரின் அடுக்களையை எடுத்துக்கொள்வோம். கேஸ் அடுப்பு, இட்லிப் பானை, தோசைக்கல், பணியாரச் சட்டி, குக்கர், கிரைண்டர் எல்லாம் இருக்கும். எல்லாவற்றுக்கும் தீ அடியிலிருந்துதான் வருகிறது. உலகச் சமையலை இந்த அடுக்களைக்குள் கொண்டுவர நினைப்பவர்கள் பெரும்பாலும் பொருளைத் தேடி அலைகிறார்கள்: எந்தச் சீஸ், எந்த எசென்ஸ், எங்கே கிடைக்கும் என்று. அதைவிட முன்னால் பார்க்க வேண்டியது சூடு. அந்தப் பண்டத்துக்கு எந்த வகைச் சூடு வேண்டும், அது நம் அடுப்பில் உண்டா என்பதுதான் பாதி விடை.

இப்படிப் பார்த்தால் உலகின் பண்டங்களில் பல நமக்குச் சொந்தக்காரர்கள். சீனத்தில் ஆவியில் வேகவைக்கும் பாவோ ரொட்டிக்கு இட்லிப் பானை போதும்; அதுவும் இட்லிபோல வெள்ளையாகவே இருக்க வேண்டிய பண்டம். கேரமல் புட்டிங்கும் ஆவியில் வேகும். அதன் பழுப்புப் பாகை மட்டும் தனியாக வாணலியில் காய்ச்சி அடியில் ஊற்றிவிடுகிறோம். ஆவியால் தரமுடியாத நிறத்தை அடுப்பு முன்கூட்டியே தந்துவிடுகிறது. துருக்கியில் கோஸ்லேமே என்றொரு பண்டம். மெல்லிதாகத் தேய்த்த மாவுக்குள் கீரையும் சீஸும் வைத்து மடித்து இரும்புத் தட்டில் சுடுவார்கள். நம் தோசைக்கல்லுக்கு இதைவிடப் பொருத்தமான விருந்தாளி கிடையாது. உள்ளே முருங்கைக்கீரையும் வீட்டில் திரித்த பனீரும் வைக்கலாம். எத்தியோப்பியாவின் இஞ்சேரா, புளித்த மாவை ஊற்றி மூடிபோட்டு ஒரு பக்கம் மட்டும் வேகவைப்பது. ஆப்பம் சுடத் தெரிந்த கைக்கு அதில் புதிதாகக் கற்க அதிகமில்லை.

மெக்சிகோவின் டோர்டில்லாவும் கல்லில் சுடுவதுதான். ஆனால் அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. காய்ந்த மக்காச்சோளத்தை வெறுமனே அரைத்தால் மாவு ஒட்டாது, தட்டினால் உடைந்துபோகும். அங்கே காலங்காலமாக அதைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து, இரவு முழுக்க ஊறவைத்து, தோலைத் தேய்த்துக் கழுவி அரைக்கிறார்கள். சுண்ணாம்பு தோலைக் கழற்றுகிறது, மாவுக்குப் பிடிப்பைக் கொடுக்கிறது, சோளத்தில் பூட்டிக் கிடக்கும் நியாசின் என்ற பி வைட்டமினையும் உடலுக்குக் கிடைக்கச் செய்கிறது. அமெரிக்கக் கண்டத்திலிருந்து மக்காச்சோளத்தை எடுத்துப்போன ஐரோப்பியர்கள் இந்தச் சுண்ணாம்பு வேலையை எடுத்துப்போகவில்லை. சோளத்தையே முக்கிய உணவாக்கிக்கொண்ட இத்தாலியின் ஏழை விவசாயிகள் பெல்லக்ரா என்ற நோயில் விழுந்தார்கள். ஒரு கிலோ சோளத்துக்குப் பத்து கிராம் அளவில், உண்ணத்தக்க வெற்றிலைச் சுண்ணாம்பு போதும். மிச்ச வேலையை இட்லிக்கு அரைக்கும் கிரைண்டரே பார்த்துக்கொள்ளும். சங்கரன்கோவில் பக்கத்துக் காடுகளில் விளையும் சோளத்தில் பெரும்பங்கு கோழித் தீவனத்துக்குப் போகிறது; மருந்து கலக்காத சுத்தமான தானியமாகப் பார்த்து வாங்க வேண்டும்.

இதுவரை சொன்னவை அடுப்புச் சூடு. அடுத்த அடுக்கு காற்றின் சூடு. செய்முறைக் குறிப்பில் ‘அறை வெப்பநிலை’ என்று எழுதியவர் பெரும்பாலும் 21 முதல் 24 டிகிரியை மனத்தில் வைத்திருக்கிறார். சித்திரை வைகாசியில் ராயகிரி அடுக்களையில் 35 டிகிரி சாதாரணம். வெண்ணெய் உருகுவதும் ஏறத்தாழ அந்தச் சூட்டில்தான்.

பஃப், குரோசான் போன்றவற்றில் அடுக்கு பிரிய வேண்டுமானால், மாவுக்கு நடுவே வெண்ணெய் கட்டியாகவே இருந்து, ஓவனுக்குள் போன பிறகுதான் உருக வேண்டும். நம் ஊரில் அது தேய்க்கும்போதே உருகி மாவோடு கலந்துவிடுகிறது. அடுக்கு இல்லாத ரொட்டிதான் மிஞ்சும். செய்தவரின் கையில் குற்றமில்லை.

ஆனால் அடுக்குப் பண்டமே நமக்கு ஆகாது என்று பொருளில்லை. செங்கோட்டைக்குப் பக்கத்தில் பிரானூர் பார்டர் பரோட்டாவைச் சாப்பிட்டவர்கள் அறிவார்கள். 1956 நவம்பர் 1 அன்று மாநிலங்கள் பிரிக்கப்பட்டபோது செங்கோட்டை, திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்தது. அந்த எல்லையின் பெயரைத்தான் இன்றும் அந்தப் பரோட்டா சுமக்கிறது. பரோட்டா மாஸ்டர் கட்டி வெண்ணெயை நம்புவதில்லை. பிசைந்த மைதாவை எண்ணெய் தடவி ஊறவிடுகிறார். ஊறும் நேரத்தில் குளூட்டன் என்ற பசை தளர்கிறது. பிறகு வீசி, கண்ணாடிபோல் மெல்லிதாக இழுத்து, கொசுவிச் சுருட்டுகிறார். அடுக்குகளைப் பிரித்து வைப்பது எந்த வெயிலிலும் உறையாத எண்ணெய். ஆஸ்திரியாவின் ஸ்ட்ரூடலும் இதே வழிதான்: மாவை ஊறவிட்டு, மேசை முழுக்க மெல்லிதாக இழுத்து, உருகிய வெண்ணெய் தடவிச் சுருட்டுவார்கள். ஆகவே நம் வெயிலில் குரோசான் கனவை விட்டுவிட்டு ஸ்ட்ரூடலை எடுத்தால், பரோட்டா மாஸ்டரின் கைப்பழக்கம் அப்படியே உதவும்.

ஜெல்லிக்கும் இதே கதை. ஜெலட்டின் 30 டிகிரியைத் தாண்டினாலே இளக ஆரம்பிக்கும்; மேசையில் வைத்துப் பேசிக்கொண்டிருந்தால் தண்ணீராகிவிடும். கடல்பாசி என்றும் சைனா கிராஸ் என்றும் கடையில் கேட்டு வாங்கும் அகர் அகர் அப்படியல்ல. கொதித்த கரைசல் 35, 40 டிகிரியில் உறைந்துவிடும். உறைந்தது மறுபடி உருக 85 டிகிரி வேண்டும். வெப்பநாடுகளின் இனிப்புக்கென்றே அமைந்த பொருள்போலத் தோன்றும். கடையநல்லூர், தென்காசி இஸ்லாமியக் குடும்பங்களுக்குச் சிங்கப்பூரோடு தலைமுறை தலைமுறையாகத் தொடர்பு உண்டு. தஞ்சோங் பகார் வட்டாரத்தில் அவர்கள் திரளாக வாழ்ந்தார்கள். மலாய் நாட்டு இனிப்புகளிலும் நம் ஊர் நோன்பு நேரத்துத் தட்டிலும் ஒரே கடல்பாசி இருப்பதைப் பார்க்கலாம். இரண்டு இடத்திலும் வெயில் ஒன்றுதான்.

ஈஸ்ட் விஷயத்தில் வெயில் எதிரியாகாது, ஆனால் அவசரக்காரன். பத்து டிகிரி கூடினால் புளிப்பின் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும். குறிப்பில் ஒன்றரை மணி நேரம் என்றிருக்கும் மாவு இங்கே முக்கால் மணியில் பொங்கி நிற்கும். கவனிக்காவிட்டால் சாராய வாடை வந்து தளர்ந்துவிடும். ஈஸ்டைப் பாதியாகக் குறைத்து, பானைத் தண்ணீரில் பிசைந்து, கடிகாரத்தைப் பார்க்காமல் மாவைப் பார்க்க வேண்டும். கோடையில் இட்லி மாவு பாத்திரத்தைத் தண்ணீரில் இறக்கிவைக்கும் வீடுகளுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனி ஆடியில் சாரல் விழும்போது கணக்கு மாறும். மாவு நிதானமாகப் புளிக்கும். ஆனால் பிஸ்கட் மொறுமொறுப்பாக நிற்காது, காற்றின் ஈரத்தைக் குடித்துவிடும்.

மூன்றாவது அடுக்கில்தான் பொருள் வருகிறது. அதிலும் பெயரைத் தேடுவதைவிட, அந்தப் பொருள் அங்கே என்ன வேலை செய்கிறது என்று கேட்பது நல்லது. இதற்கு ஒரு சாட்சி உண்டு. தலைச்சேரியில் 1880-ல் ராயல் பிஸ்கட் ஃபேக்டரியைத் தொடங்கியவர் மாம்பள்ளி பாபு. 1883 கிறிஸ்துமஸை ஒட்டி மர்டாக் பிரவுன் என்ற தோட்டத்துரை இங்கிலாந்திலிருந்து வந்த ஒரு பிளம் கேக்கைக் கொடுத்து, அதேபோல் செய்யச் சொன்னாராம். மாஹேயிலிருந்து பிராந்தி வாங்கிக்கொள்ளச் சொன்னதற்கு, பாபு முந்திரிப்பழமும் கதலியும் சேர்த்துக் காய்ச்சிய உள்ளூர்ச் சரக்கை ஊற்றினார் என்பார்கள். பிராந்தியின் வேலை உலர்பழத்தை ஊறவைப்பதும் மணம் ஏற்றுவதும். அந்த வேலையை உள்ளூர்ச் சரக்கு செய்தது. தூத்துக்குடி மக்ரூன் இன்னொரு சாட்சி. ஐரோப்பாவின் மக்ரூனில் பாதாம். தூத்துக்குடியில், போர்ச்சுக்கீசியர் பிரேசிலிலிருந்து கொண்டுவந்த முந்திரி அந்த இடத்தில் உட்கார்ந்தது. அடித்த முட்டை வெள்ளையில் சர்க்கரையும் முந்திரிப் பொடியும் கலந்து, குறைந்த சூட்டில் நிதானமாக உலர்த்துகிறார்கள். பாதாம் தந்த கொழுப்பையும் பருப்பு மணத்தையும் முந்திரி தந்துவிட்டது. பெயரும் வடிவமும் ஒட்டிக்கொண்டன.

இந்தக் கணக்கில் தென்காசி மாவட்டம் வசதியான இடம். கிராம்பு இந்தியாவில் பயிராகக் கால்வைத்தது 1800-ஐ ஒட்டி, கிழக்கிந்தியக் கம்பெனி குற்றாலத்தில் அமைத்த வாசனைப்பயிர்த் தோட்டத்தில்தான். இந்தோனேசியாவின் மொலுக்காஸ் தீவுகளின் மரம் அது. ஜாதிக்காயும் அதே தீவுக்காரர்தான். இன்று குற்றாலத்துக் கடைகளில் சீசன் நேரத்தில் மங்குஸ்தானும் ரம்புட்டானும் அடுக்கியிருக்கும். புளியங்குடி எலுமிச்சை, மேலைநாட்டு மஞ்சள் லெமனைவிடப் புளிப்பு கூடியது, தோல் மெல்லியது. லெமன் கர்டு செய்யும்போது சாற்றைக் குறைத்து, தோலைத் துருவும்போது கசக்கும் வெள்ளைப் பகுதி வராமல் பார்த்தால் போதும். பிரவுன் சுகர், மொலாசஸ் என்று குறிப்பில் வரும் இடங்களில் கருப்பட்டி நிற்கும். ஆனால் அதைக் கரைத்து வடிகட்டித்தான் சேர்க்க வேண்டும், கரைத்த நீரையும் கணக்கில் கழிக்க வேண்டும்.

மூன்று அடுக்கையும் ஒரே பண்டத்தில் பொருத்திப் பார்க்கலாம். ஐரோப்பாவின் ஜிஞ்சர் கேக்குக்கு வேண்டியவை சுக்கு, கிராம்பு, கரிய வெல்லப்பாகு. சுக்குக் காப்பி போடும் வீட்டில் இவை ஏற்கெனவே இருக்கின்றன. வெண்ணெயை நுரைக்க அடிக்கும் முறையை வெயிலுக்காக விட்டுவிட்டு எண்ணெயில் செய்வோம். 125 கிராம் கருப்பட்டியை 75 மில்லி வெந்நீரில் கரைத்து, வடிகட்டி, ஆறவிட வேண்டும். அதில் 75 கிராம் புளித்த தயிர், 60 மில்லி எண்ணெய், ஒரு முட்டை. தனியாக 175 கிராம் மைதாவில் இரண்டு டீஸ்பூன் சுக்குப் பொடி, நான்கு கிராம்பின் பொடி, துருவிய ஜாதிக்காய் சிட்டிகை, உப்பு, அரை டீஸ்பூன் பேக்கிங் பவுடர், அரை டீஸ்பூன் ஆப்பசோடா சலித்துச் சேர்க்க வேண்டும். தயிரின் புளிப்பு பட்டதும் ஆப்பசோடா பொங்க ஆரம்பித்துவிடும். ஆகவே அடுப்பைத் தயார் செய்துவிட்டுத்தான் இரண்டையும் கலக்க வேண்டும். கட்டியில்லாமல் கலந்தால் போதும். அதிகம் அடித்தால் பரோட்டாவுக்கு வேண்டிய குளூட்டன் கேக்கிலும் உருவாகி ரப்பராகிவிடும்.

ஓவன் இல்லாவிட்டால், கனமான பழைய பாத்திரத்தில் இரண்டு விரல் உயரம் மணலோ கல்லுப்போ பரப்பி, மேலே ஒரு வளையம் வைத்து, மூடிபோட்டுப் பத்து நிமிடம் காயவிட வேண்டும். குக்கரை எடுத்தால் கேஸ்கெட்டும் வெயிட்டும் கழற்றியாக வேண்டும். நீரில்லாமல் காய்வதால் புதுக் குக்கர் வேண்டாம். மணல் அடித்தீயை உடனே தாக்கவிடாமல் வாங்கி, நிதானமாகத் திருப்பித் தருகிறது. மாவை ஊற்றிய பாத்திரத்தை வளையத்தின் மேல் இறக்கி, மறுபடி மூடி, சிறு தீயில் 40, 45 நிமிடம் வேகவைக்க வேண்டும். ஈர்க்குச்சி குத்தினால் மாவு ஒட்டாமல் வர வேண்டும்.

கேக் நன்றாக வெந்தும் மேல்பக்கம் மட்டும் வெளுத்துத்தான் இருக்கும். மேலே தீ இல்லை, மூடிக்குள் ஆவி சுற்றுகிறது. கருப்பட்டியின் நிறம் இந்தக் குறையை மூடிவிடுவதால்தான் வெள்ளைக் கேக்கைவிட இது முதலில் செய்யத் தகுந்தது. மேல்தீ வேண்டும் என்று இருந்தால் மலபார் வழி உண்டு. அங்கே சட்டிப்பத்திரிக்கு, மெல்லிய பத்திரிகளை முட்டைப்பாலில் நனைத்து, இடையிடையே கறி வைத்து அடுக்கி, மூடியின் மேல் தணலை அள்ளிப் போடுவார்கள். ஓவன் இல்லாமலே ஓவனின் இரண்டு பக்கச் சூடு கிடைத்துவிடுகிறது.

ஆகவே புதிய செய்முறை ஒன்று கையில் வந்தால் மூன்று கேள்வி: எந்தச் சூட்டில் வேகிறது, நம் காற்றில் நிற்குமா, ஒவ்வொரு பொருளும் என்ன வேலைக்கு வந்திருக்கிறது? மூன்றுக்கும் விடை இருந்தால் துணிந்து அடுப்பைப் பற்றவைக்கலாம். முதல் இரண்டுக்கும் விடை இல்லாத பண்டத்தைக் கடையில் வாங்கிச் சாப்பிடுவதில் வெட்கம் ஒன்றுமில்லை. பாரிஸ்காரர்களே குரோசானைப் பெரும்பாலும் கடையில்தான் வாங்குகிறார்கள்.