யார் பெற்ற பெண்?

ரிஷிமூலமும் நதிமூலமும் விசாரிக்கக் கூடாது என்று சொல்லிக்கொண்டே, அவற்றை விசாரிக்காமல் ஒரு நாளும் இருக்க முடியாத ஜனங்கள் நாம். ஒரு பையன் நாலு பேர் நடுவில் நன்றாகப் பேசிவிட்டால் போதும், "யார் வீட்டுப் பிள்ளை?" என்று கேட்டுவிடுகிறோம். இந்தக் குணம் நமக்கு மட்டுமே உரியது என்று வெகுநாள் எண்ணியிருந்தேன். ஓர் அமெரிக்க விஞ்ஞானக் கற்பனைப் படத்தின் கதாநாயகி அந்த எண்ணத்தைப் போக்கிவிட்டாள்.

அவள் பெயர் ரே. 'ஸ்டார் வார்ஸ்' வரிசையில் 2015-ல் வெளிவந்த படத்தில் அறிமுகமாகிறாள். ஜாக்கு என்ற பாலைவனக் கிரகத்தில், பழைய யுத்தத்தில் விழுந்து கிடக்கும் கப்பல்களுக்குள் ஏறி இறங்கி, உதவக்கூடிய பாகங்களைக் கழற்றிக் கொண்டுபோய்க் கடைக்காரனிடம் போட்டு, சாப்பாட்டுப் பொட்டலம் வாங்கி வயிறு வளர்க்கிறாள். சிறு பிள்ளையாக அவளை அங்கே விட்டுப்போன பெற்றோர் திரும்பி வருவார்கள் என்று நம்பி, நாளுக்கு ஒரு கோடாகச் சுவரில் கீறி வைக்கிறாள். சுவர் நிறையக் கோடுகள்.

இந்தப் பெண்ணுக்குள் ஓர் அபூர்வ சக்தி இருப்பது தெரிந்தவுடனே ரசிகர்கள் ஆராய்ச்சியில் இறங்கிவிட்டார்கள். பழைய கதாநாயகன் லூக்கின் மகளா? இளவரசி லேயாவின் மகளா? ஓபி-வான் என்ற பெரியவரின் பேத்தியா? இரண்டு வருஷம் இதே பேச்சு. பழைய இரும்பு பொறுக்குகிற யாரோ இருவருக்கு இவள் பிறந்திருக்கலாம் என்ற எண்ணம் பெரும்பாலோருக்குப் பிடிக்கவில்லை.

2017-ல் வந்த அடுத்த படம் அதைத்தான் சொல்லிற்று. ஓர் இருட்டுக் குகையில், என் பெற்றோரைக் காட்டு என்று அவள் கெஞ்சுகிறாள். தெரிவது அவளுடைய முகமே. பிறகு அவளுடைய எதிரி, உன் பெற்றோர் ஒன்றுமில்லாதவர்கள், குடிக்கக் காசு வேண்டி உன்னை விற்றவர்கள் என்கிறான். பல ரசிகர்களுக்கு ஏமாற்றம், கோபம். 2019-ல் வந்த படத்தில் கதை மாறியது. கொடியவனான பேரரசன் பால்படீனின் பேத்தி அவள். அவளுடைய சக்தியும் அவனுடைய சக்திதானாம்.

'கெட்டவன் வம்சத்திலும் நல்லவள் பிறக்கலாம் என்பது நல்ல நீதிதானே?' என்று கேட்கலாம். நல்ல நீதிதான். ஆனால் வரமாகவோ சாபமாகவோ, அவளுடைய பெருமைக்கு ஒரு பெரிய வீட்டை அல்லவா காரணம் காட்டவேண்டி வந்தது?

அந்தப் படக்காரர்களைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. எழுத வந்த புதிதில் ஒரு தொடர்கதை எழுதினேன். அதில் ஹோட்டலில் மேஜை துடைக்கும் ஒரு பையன். கெட்டிக்காரன், மானஸ்தன். கடைசி அத்தியாயத்தில் அவனை ஒரு மில் முதலாளியின் காணாமற்போன மகனாக்கிவிட்டேன். பாராட்டிப் பல கடிதங்கள் வந்தன. ஒரு கடிதம் மட்டும் வேறு மாதிரி. "ஐயா, நானும் ஹோட்டலில்தான் வேலை பார்க்கிறேன். வாராவாரம் அவனைப் பற்றிப் படிக்கும்போது சந்தோஷமாக இருந்தது. முடிவில் அவன் எங்கள் ஆள் இல்லை என்று சொல்லிவிட்டீர்களே!"

அதற்கு நான் பதில் எழுதவில்லை. எழுத என்ன இருந்தது? ஏழையிடம் நல்ல குணத்தைக் கண்டால், அது எங்கிருந்தோ வழிதவறி வந்த பணக்காரச் சொத்து என்றல்லவா நான் கணக்கு எழுதியிருந்தேன்!

பெற்றவர் யார் என்று ரே கேட்பதில் தவறில்லை. அது பிள்ளையின் பசி. அதே கேள்வியை நாம் கேட்கும்போதோ, அவளை எந்த வரிசையில் உட்காரவைக்கலாம் என்பதற்காகக் கேட்கிறோம்.

அவள் யார் என்பதற்கு முதல் படத்திலேயே விடை இருக்கிறது. பந்து போல உருண்டு வரும் ஒரு சிறு யந்திரம் அவளிடம் அடைக்கலமாக வருகிறது. கடைக்காரன் அதற்கு விலையாக 60 பொட்டலங்களை எடுத்து வைக்கிறான். கொண்டுவந்த சாமானுக்குக் கால் பொட்டலம் பெறுகிறவள் அவள். கை பொட்டலங்களின் மேல் போகிறது. திரும்பி அந்த யந்திரத்தைப் பார்க்கிறாள். விற்பதற்கில்லை என்று சொல்லிவிடுகிறாள். அப்போது அவளுக்குத் தன் சக்தியும் தெரியாது, பாட்டன் பெயரும் தெரியாது. பசி மட்டுமே தெரியும்.

கடைசிப் படத்தின் முடிவில், வழியில் வந்த ஒரு கிழவி, நீ எந்த ரே என்று கேட்கிறாள். தன்னைப் பழக்கி ஆளாக்கிய லூக், லேயா இருவரின் குடும்பப் பெயரைத் தன் பெயராகச் சொல்கிறாள் ரே. அன்பினால் எடுத்துக்கொண்ட பெயர்; எடுத்துக்கொள்ளட்டும்.

ஆனால் கிழவி என்னைக் கேட்டிருந்தால், "60 பொட்டலத்தை வேண்டாமென்ற ரே" என்று சொல்லியிருப்பேன்.