போய்வருகிறேன் என்னும் சொல்

தாம் தெரிந்தெடுத்த இடத்தின்மீது மாந்தர் பற்றுக்கொள்வது இயல்பு. ஆனால், தற்செயலாய்த் தங்க நேர்ந்த இடமொன்றை விட்டு நீங்கும்போதும் நெஞ்சு கனக்கின்றதே, அஃது ஏன்? அத்துயரம் நேர்மையானதுதானா? அது நம்மிடம் எதனையேனும் வேண்டி நிற்கின்றதா? இவ்வினாக்களை எனது அனுபவமொன்றின் துணைகொண்டு ஆராய முற்படுகின்றேன்.

2020ஆம் ஆண்டு மார்ச் மாதம் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டபொழுது, மாணவனாயிருந்த நான் நிலாவெளியிலுள்ள நண்பரொருவரின் இல்லத்தில் மூன்று நாள் தங்கச் சென்றேன். மார்ச் 20ஆந் திகதி நாடெங்கும் ஊரடங்குச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. மாவட்டம் விட்டு மாவட்டம் செல்லத் தடை வந்தது. மூன்று நாள் ஏறக்குறையப் பத்து வாரங்களாயின. வாடைக்காலம் கழிந்து கடல் தெளிந்திருந்த பருவம் அது. விடியலில் கரைக்குச் சென்று புறாத்தீவு வெளிச்சம் பெறுவதைப் பார்த்திருப்பேன். பரீட்சையுமில்லை, பேருந்துமில்லை. என் வாழ்வில் அத்தகைய அமைதியை முன்னர் நான் அறிந்ததில்லை.

அவ்வமைதிக்கு விலை கொடுத்தவர் யாரென்பதை நான் பிந்தியே உணர்ந்தேன். நாள்தோறும் நல்ல மீன் உண்டேன். அது விற்க முடியாது போன மீன். வெளியூர் வியாபாரிகள் வரவில்லை. கரைவலை இழுத்தவர்கள் கிடைத்த விலைக்குக் கொடுத்தனர், மிஞ்சியதைக் கருவாடாக்கினர். எனக்கு ஓய்வாயிருந்த காலம் அவ்வீட்டாருக்குக் கடன்பட்ட காலம். ஒரே கடற்கரையில் நாம் இருவேறு பருவங்களில் வாழ்ந்தோம் எனலாம்.

ஜேர்மனியத் தத்துவஞானி கான்ற் 1795இல் வெளியிட்ட, நிரந்தர அமைதி பற்றிய நூலில் ஒரு வேறுபாட்டைச் சுட்டுவார். பிறர் மண்ணில் வந்திறங்கும் அந்நியன் பகைவனாய் நடத்தப்படாதிருக்க உரிமையுடையவன். ஆனால், விருந்தினனாய்த் தங்குதல் அவனுடைய உரிமையன்று, அதற்குத் தனியானதோர் அன்பின் உடன்பாடு வேண்டும் என்பது அவர் கருத்து. அவ்வீட்டார் எனக்களித்தது உரிமைக்கு அப்பாற்பட்டது. ஏன் அளித்தனர்? 2004 டிசம்பர் 26இல் கடல்கோள் அவர்களின் வீட்டைக் கொண்டுபோனது. மாதக்கணக்கில் அவர்கள் பிறர் நிழலில் தங்கியவர்கள். தாம் பெற்றதையே எனக்கு ஈந்தனர்.

நமது அகமரபு பாலைக்குப் பிரிதலையும் நெய்தலுக்கு இரங்கலையும் உரிப்பொருளாக வகுத்தமை இங்கு சிந்திக்கத்தக்கது. பிரிந்து செல்பவனின் திணை வேறு. கரையில் இருந்து இரங்குபவளின் திணை வேறு. கடற்கரையின் துயரம் எஞ்சி நிற்பவர்க்கே உரியது. புறப்படுகின்ற நாமோ அதனை நம்முடையதாக்கி, நினைவில் இனிமையூட்டி எடுத்துச் செல்கின்றோம். அத்துயரம் பொய்யன்று, ஆயின் இரவல் பெற்றது.

மே மாத இறுதியில் நான் புறப்பட்டேன். நண்பரின் தாயார் கருவாட்டுப் பொதியொன்றைக் கையில் வைத்தார். கண் கலங்கிய நான், "அப்ப நான் போறன் அம்மா" என்றேன். அவர் உடனே, "போறன் எண்டு சொல்லாதை தம்பி, போட்டு வாறன் எண்டு சொல்லு" என்றார். அவ்வாறே சொன்னேன். இன்றுவரை நான் அங்கு மீளச் செல்லவில்லை.

பெற்ற உதவியை, பெற்றவரிடமே திருப்பியளிக்க வேண்டியதில்லை, வழியில் வரும் அடுத்த அந்நியனுக்கு அளித்தால் போதும் என வாதிடலாம். அவ்வீட்டாரே அதற்குச் சான்று. நானும் என் அறையில் இடமற்ற மாணவர் பலரைத் தங்கவைத்து, கடன் தீர்ந்ததென எண்ணியதுண்டு. ஆனால், நன்றி கைமாறக்கூடியது, வாக்குறுதி அவ்வாறன்று. அது ஒருவருக்குச் சொல்லப்பட்டது. அவரிடமே நிறைவேற்றப்பட வேண்டியது.

நமது மொழியில் விடைபெறும் சொல்லே மீண்டு வருவேன் என்னும் உறுதிமொழியாய் அமைந்துள்ளது. வழக்கத்தால் அதன் பொருள் தேய்ந்து போயிற்று. கனத்த நெஞ்சு அப்பொருளை நமக்கு நினைவூட்டுவதாயின், அத்துயரம் பயனுடையதே. அதனை எழுதித் தீர்த்துவிடல் எளிது. இக்கட்டுரையும் அத்தகையதோர் எளிய வழியாகிவிடலாகாது என்பதே என் அச்சம்.